ஃபியூயல் ஃப்ளோ மீட்டரைச் சரிசெய்யாமல் அதன் கணக்கு எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள்: மைக்ரோலைட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ரோடாக்ஸ் 912 எஞ்சின் போட்ட மைக்ரோலைட்டில் (சின்ன இலகு விமானம்) பறக்கிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். நீளம்தான், ஆனால் பெட்ரோல் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தெற்கு இங்கிலாந்தில் நாங்கள் நான்கு பேர் பங்கு போட்டு ஒரு இரண்டு இருக்கை மைக்ரோலைட் வைத்திருக்கிறோம். எஞ்சின் 912 யுஎல்எஸ், 100 குதிரைத்திறன், டாங்க் 65 லிட்டர். போன வருடம் ஏப்ரலில் ஒரு பணிமனையில், மணிக்கு எவ்வளவு பெட்ரோல் போகிறது என்று அளக்கும் ஃபியூயல் ஃப்ளோ சென்சாரும் அதைக் காட்டும் டிஸ்ப்ளேயும் பொருத்தக் கொடுத்தோம். எல்லாம் சேர்த்து 520 பவுண்டு. பணத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

முதல் நாளே மீட்டர் தப்பாகக் காட்டியது. 4800 ஆர்பிஎம்மில் நிதானமாகப் பறந்தால் எங்கள் விமானம் மணிக்கு 15 லிட்டர் குடிக்கும், பல வருடமாக டாங்க் நிரப்பி எழுதிவைத்த கணக்கு அது. மீட்டரோ 20 என்றது. தரையில் ஐடிலில் (எஞ்சின் மெதுவாகச் சும்மா ஓட) நிற்கும்போது மூன்று லிட்டர் சொச்சம்தான் போகும், அதற்கு 8 காட்டியது. திருப்பிக் கொண்டுபோனோம். சென்சார் ஃபால்ட், புதுசு போட வேண்டும் என்று 210 பவுண்டு வாங்கினார்கள். அப்புறமும் அதே 20. இப்போது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவைகள் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிட்டன, அதனால் உண்மையிலேயே கூடுதலாகக் குடிக்கிறது என்றார்கள். மிதவை கனப்பது ரோடாக்ஸில் நிஜமாகவே வருகிற பிரச்சினை என்பதால் நாங்கள் நம்பினோம். இன்னொரு 160 பவுண்டு போனது. மூன்றாவது தடவை கொண்டுபோனபோது ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது, 4800-இல் அழகாக 15 காட்டியது.

ஜூலையில் வேல்ஸிலிருந்து திரும்பும்போது எதிர்காற்று பலமாக இருந்தது, அதனால் 5300 ஆர்பிஎம்மிலேயே இரண்டரை மணி நேரம் வந்தேன். இறங்கும்போது மீட்டர் கணக்கில் 17 லிட்டர் மீதி. டாங்கை விளிம்பு வரை நிரப்பினால் 52 லிட்டர் பிடித்தது, அதாவது இருந்தது 13 தான். நாலு லிட்டர் என்றால் அந்த வேகத்தில் பத்து நிமிடத்துக்கும் மேலான பறப்பு. என் மகள் பக்கத்து இருக்கையில் இருந்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் விமானங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் ஒருவரை அழைத்துவந்தேன், அனுபவசாலி மனிதர். கௌலிங்கை (எஞ்சின் மூடியை) கழற்றிக் குழாய்களைப் பார்த்த ஐந்தாவது நிமிடமே விஷயத்தைச் சொல்லிவிட்டார். 912-இல் பம்ப் அனுப்பும் பெட்ரோல் முழுவதும் கார்புரேட்டருக்குப் போவதில்லை. சூட்டில் குழாய்க்குள் ஆவி கட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு பகுதி ரிட்டர்ன் லைன் வழியாக டாங்குக்கே திரும்பிவிடும். எங்கள் சென்சாரை, ரிட்டர்ன் பிரிகிற டீ இணைப்புக்கு முன்னால், பம்புக்கும் அதற்கும் நடுவில் வைத்திருந்தார்கள். அதனால் எரிந்த பெட்ரோலும் சும்மா சுற்றிவந்த பெட்ரோலும் சேர்ந்தே எண்ணப்பட்டன. நிரூபிக்கவும் செய்தார். வெட்டவெளியில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரிட்டர்ன் குழாயை அளவு ஜாடிக்குத் திருப்பி ஆறு நிமிடம் எஞ்சினை ஓட்டினோம். அரை லிட்டர் விழுந்தது. மணிக்கு 5 லிட்டர், மீட்டர் கூடுதலாகக் காட்டிய அதே 5.

அப்படியானால் மூன்றாவது தடவை எப்படிச் சரியானது? டிஸ்ப்ளே மெனுவைத் திறந்து பார்த்தோம். கே ஃபேக்டர் என்று ஒரு எண் இருக்கும், ஒரு அமெரிக்க கேலன் ஓடினால் சென்சார் எத்தனை துடிப்பு அனுப்பும் என்பது. எங்கள் வகைச் சென்சாருக்கு அது 68,000-ஐ ஒட்டி இருக்க வேண்டும், சரியான எண் சென்சாரோடு வரும் சீட்டிலேயே எழுதியிருக்கும். மெனுவில் 90,500 இருந்தது. 20-ஐ 15 ஆகக் காட்ட எண்ணை மூன்றில் ஒரு பங்கு ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கூடுதலாகச் சேர்கிற 5 லிட்டரை வகுத்து நீக்க முடியாதே! 4800-இல் மட்டும் கணக்கு பொருந்தும். 5300-இல் நிஜமாக 21 போகும்போது சென்சார் 26 எண்ணும், மீட்டர் 19 ½ என்று காட்டும். ஐடிலில் கூடுதலாகக் காட்டுவதாவது பாதுகாப்பான பக்கம், வேகமாகப் பறக்கும்போது குறைத்துக் காட்டுவது ஆளைக் கொல்லும். அந்த எண்ணை மாற்றியவருக்கு இது தெரியாமல் இருந்திருந்தால் அவர் விமானத்தில் கை வைக்கவே கூடாது, தெரிந்தே செய்திருந்தால் அதை என்னவென்று சொல்வது?

வீட்டுக்கு வந்து பழைய மிதவைகளை எடுத்து எடை போட்டேன் (கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன், நல்லவேளை). ஒரு ஜோடி 7 கிராமுக்கு மேல் போனால்தான் மாற்ற வேண்டும். இரண்டு ஜோடியும் 6 சொச்சம்தான். அப்புறம் முதல் தடவை பொருத்தியபோது எடுத்த போட்டோவைத் தேடிப் பார்த்தேன். 210 பவுண்டுக்குப் போட்ட புது சென்சாரின் வரிசை எண்ணும் அந்தப் போட்டோவில் இருந்த எண்ணும் ஒன்றேதான். இதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. இரண்டு இருக்கை விமானத்தில் எரிபொருள் அமைப்பை மாற்றினால் பிஎம்ஏஏ (பிரிட்டிஷ் மைக்ரோலைட் விமானச் சங்கம்) ஒப்புதலும் இன்ஸ்பெக்டர் கையெழுத்தும் வேண்டும், அதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றவர்கள் விண்ணப்பமே போடவில்லை.

இப்போது முறைப்படி ஒப்புதல் வாங்கி, டீ இணைப்பில் ரிட்டர்ன் பிரிந்த பிறகு, இரண்டு கார்புரேட்டருக்கும் குழாய் பிரிவதற்கு முன்னால் சென்சாரை வைத்திருக்கிறோம். கே ஃபேக்டரைச் சீட்டில் உள்ளபடி திருப்பிவிட்டு, மூன்று தடவை ஒரே சமதளத்தில் ஒரே குறி வரை நிரப்பி ஒப்பிட்டோம். கடைசியாகப் பார்த்தபோது மீட்டர் 41.6 என்றது, நிரப்பியது 41. இந்த மாதிரி சின்ன வித்தியாசத்துக்குத்தான் கே ஃபேக்டரைத் தொட வேண்டும்: இருக்கும் எண்ணை மீட்டர் காட்டிய லிட்டரால் பெருக்கி, நிரப்பிய லிட்டரால் வகுத்தால் புது எண் வந்துவிடும். உங்கள் மீட்டரில் சந்தேகம் இருந்தால் முதலில் ஐடிலில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள், ரிட்டர்ன் சேர்ந்திருந்தால் அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

கிரெடிட் கார்டில் கட்டியதால், கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பு என்கிற 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் வங்கியிடம் பணத்தைக் கேட்டிருக்கிறேன், போட்டோவும் மிதவைகளும் இன்ஸ்பெக்டரின் கடிதமும் போயிருக்கின்றன. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.