1/35-ஆ, 1/72-ஆ? மறுபடி டாங்கி கட்ட உட்காருகிறவர்களுக்கு

பள்ளிக்கூட வயதில் பிளாஸ்டிக் டாங்கி ஒட்டிவிட்டு, அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று விட்டுப்போய், தலை நரைக்கத் தொடங்கியதும் மறுபடி கை பரபரக்கிறவர்கள் கணிசமாகவே இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் தலைவலி, எந்த அளவில் வாங்குவது என்பதுதான். 1/35 என்றால் அசல் டாங்கியில் 35-இல் ஒரு பங்கு நீளம், 1/72 என்றால் 72-இல் ஒரு பங்கு; சுருக்கமாக 35, 72 என்போம். நான் 1/35, 1/72 இரண்டிலும் கட்டிப் பார்த்துவிட்டு 72 பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆகவே நடுநிலைமையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். பாளையங்கோட்டையில் தெருவைப் பார்த்த வீட்டில் தூசியோடு குடித்தனம் நடத்துகிறவனின் கணக்கு இது.

நடுவில் 1/48 என்று ஒன்று இருக்கிறது. ஜப்பான் கம்பெனியான டாமியா அதில் நல்ல கிட்டுகள் (ஒட்டிக் கட்டவேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டிகள்) போடுகிறது. தொடக்கத்தில் வந்த பலவற்றுக்கு அடிப்பாகம் உலோக வார்ப்பு. நான் அதில் ஒன்றும் கட்டியதில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவும் போவதில்லை.

அளவைப் புரிந்துகொள்ள டி-55-ஐயே எடுத்துக்கொள்வோம். 1971 போரில் நம் ராணுவம் ஓட்டிய சோவியத் டாங்கி. பீரங்கிக் குழலை முன்னால் நீட்டியபடி சுமார் 9 மீட்டர் நீளம். 35-இல் அது 25.7 செ.மீ., 72-இல் 12.5 செ.மீ. நீளத்தில் பாதிதானே குறைகிறது என்று தோன்றும். மேஜையில் பிடிக்கும் இடத்தைப் பார்த்தால் நாலில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

35 என்ற இந்த ஒழுங்கில்லாத எண்ணுக்குக் காரணம் பேட்டரி. 1960களின் தொடக்கத்தில் டாமியா மோட்டார் வைத்து ஓடும் ஜெர்மன் பாந்தர் டாங்கி மாடல் ஒன்றைச் செய்தது. உள்ளே பேட்டரியும் மோட்டாரும் அடங்கவேண்டும் என்பதற்காக ஒரு அளவு வைத்தார்கள். பிறகு கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய 1/35. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. 72-க்கு ஆறு அடிக்கு ஓர் அங்குலம் என்ற பழைய பிரிட்டிஷ் கணக்கு. விமான மாடல்களோடு வளர்ந்த அளவு அது.

35-ன் பெருமையைச் சொல்லாமல் விட்டால் பாவம். டாங்கி உலகம் அதனுடையதுதான். எந்த டாங்கியைக் கேட்டாலும் முதலில் 35-இல்தான் கிடைக்கும். நாம் விட்டுப்போன காலத்துக்கும் இப்போதைக்கும் நடுவில் சீனக் கம்பெனிகள் வந்து ஆட்டத்தையே மாற்றிவிட்டன. மெங், டாகோம், ரைஃபீல்டு என்று பெயர்கள். எஞ்சின், குண்டு அடுக்கும் தட்டு, ஓட்டுநர் இருக்கை வரை உள்ளே எல்லாம் இருக்கும் கிட்டுகள் வருகின்றன. சக்கரங்களைச் சுற்றி ஓடும் டிராக்கை ஒவ்வொரு கண்ணியாகக் கோக்கவேண்டும். டைகர் டாங்கிக்கு ஒரு பக்கத்துக்கு 96 கண்ணி. ஒவ்வொன்றையும் ஸ்பிரூ என்கிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, வெட்டிய தழும்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிறகு கோக்கவேண்டும். இதில் சுகம் காணும் ஆட்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பல வருஷம் கழித்து வருகிற ஒருவர் முதல் கிட்டாக இதை வாங்கினால், இரண்டாவது கிட் வாங்கமாட்டார் என்பது மட்டும் என் பயம். 35-தான் வேண்டும் என்றால் டாமியாவின் டி-55 மாதிரி ஒன்றில் தொடங்குங்கள். 2002-இல் வந்த கிட். எல்லாம் தன்னால் வந்து உட்காரும்.

மனிதப் பொம்மைகளிலும் 35 ஒரு படி மேல். ஆள் 5 செ.மீ. உயரம் வருவார், கண் எழுதலாம், மீசை வைக்கலாம். 72-இல் இரண்டரை செ.மீ.கூட இல்லை. முகத்தில் ஒரு பழுப்புப் பூச்சு, மூக்கில் ஒரு வெளிச்சப் புள்ளி, அதோடு சரி.

கண் விஷயம். வெள்ளெழுத்து வந்தவர்களுக்குப் பெரியதுதான் சௌகரியம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மைதான். 35 கிட்டில் டாங்கி பெரிது, ஆனால் அதில் இருக்கும் துண்டுகள் பெரிதல்ல. கைப்பிடிக் கம்பி, கருவிகளைப் பிடிக்கும் கொக்கி, பித்தளைத் தகட்டில் வரும் இணுக்குகள் எல்லாம் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர்தான். 72-இல் அந்தச் சமாச்சாரங்களில் பெரும்பாலானவை உடலோடு சேர்த்தே வார்த்து வந்துவிடும். ஆக, கண்ணாடி இல்லாமல் இரண்டுமே நடக்காது. நான் கருவிக்காக டவுனில் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் ஒரு கடைக்குத்தான் போனேன். சாமணம், சின்ன அரம், தலையில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. கடைக்காரர் "எந்தப் பட்டறை அண்ணாச்சி?" என்று கேட்டார். டாங்கிப் பட்டறை என்று சொல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். மாடல் கடைகளில் இதே சாமணம் பல மடங்கு விலை.

சரி, இப்போது நான் 72-க்கு வந்த காரணம். கட்டுவதில் இல்லை அது. கட்டி முடித்த பிறகு வருவது. தூசி.

கிட் விமர்சனம் எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. குளிர்நாட்டில் ஜன்னல் சாத்திய அறையில் கட்டுகிறவர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது போல. நம் ஊர் அப்படியா? வைகாசி கடைசியில் தொடங்கி ஆவணி வரை, ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று குற்றாலத்தில் சாரலை இறக்கிவிட்டு, நம்மிடம் வரும்போது ஈரமில்லாத வெறுங்காற்றாக வந்து சேர்கிறது. கயத்தாறிலும் பணகுடியிலும் காற்றாலைக்காரர்கள் சந்தோஷப்படும் மாதங்கள் அவை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, சாத்திய ஜன்னல் இடுக்கு வழியாகத் தூசி கட்டாயம் பறந்து வரும். காலையில் துடைத்த டி.வி. மேஜையில் சாயங்காலம் விரலால் கையெழுத்துப் போடலாம்.

டாங்கிக்கு இது ஏன் மற்றப் பொம்மைகளைவிட மோசம் என்றால், டாங்கிக்குப் பளபளப்பில்லாத மேட் பூச்சு. மேட் என்றாலே கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு. தூசி அதில் பிடித்து உட்காரும். பளபளப்பான கார் மாடலை ஒரு மெல்லிய துணியால் துடைத்துவிடலாம். டாங்கியைத் துடைத்தால் மேட் பூச்சில் அந்த இடம் மட்டும் மினுங்கத் தொடங்கும். போதாததற்கு, நாமே சேறு, புழுதி என்று வண்ணப்பொடியைத் தூவி வைத்திருப்போம். ஈரத்துணி பட்டால் நம் புழுதியும் வீட்டுப் புழுதியும் ஒன்றாகக் குழைந்து ஒரு நிறமாகிவிடும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதியும் மேக்கப் பிரஷும்தான் வழி. அதிலும் 35 டி-55-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சுழலும் டர்ரெட்டைச் சுற்றிக் கம்பிக் கைப்பிடி, பக்கவாட்டில் எரிபொருள் டாங்குகளை இணைக்கும் குழாய்கள், பின்னால் இரண்டு டிரம், இழுவைக் கயிறு, ஆண்டெனா. பிரஷ் போய் எதில் மாட்டும் என்று தெரியாது. மாட்டியதை உணர்வதற்குள் கைப்பிடி தரையில் கிடக்கும். தரையில் விழுந்த கைப்பிடியைக் கண்டெடுப்பதைவிடப் புதுக் கம்பியை வளைப்பது சுலபம். 72-இல் இவையெல்லாம் கொஞ்சம் தடித்துப்போய், உடலோடு ஒட்டியே இருக்கும். நுணுக்கம் பார்க்கிறவர்கள் இதைக் குறை என்பார்கள். தூசி தட்டுகிறவனுக்கு இது வரம்.

ஆனால் ஒரு நியாயத்தைச் சொல்லவேண்டும். தூசி படிந்துவிட்டால் 72-இல்தான் பார்க்க அசிங்கம். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர் என்றால், 35 டாங்கியின்மேல் அது அசல் அளவுக்கு இரண்டரை மில்லிமீட்டர் நூல். 72-இன்மேல் 5 மில்லிமீட்டர் கயிறு. அதனால் சின்னதோ பெரியதோ, திறந்து வைக்க வழியில்லை. மூடித்தான் வைக்கவேண்டும். மூடுவது என்று வந்துவிட்டால் நான் முதலில் சொன்ன கணக்கு வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

35 டி-55 ஒன்றுக்கு, விளிம்பில் இடிக்காமல் வைக்க, உள்ளளவு 30-க்கு 15 செ.மீ. பெட்டி வேண்டும். அதே பெட்டியில் 72 டி-55 நான்கு நிற்கும். படம் சட்டம் போடும் கடையில் கண்ணாடி வெட்டி, சிலிக்கான் போட்டு ஒட்டித் தருவார்கள். ஒரு பெட்டிக்குச் செலவு பெரிதில்லை. ஐந்து டாங்கிக்கு ஐந்து பெட்டி என்றால், செலவைவிட அவற்றை எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வி. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒன்பது அங்குலச் சுவரில் அலமாரி விட்டிருப்பார்கள். ஆழம் 22, 23 செ.மீ. 35-ஐ நேராக வைத்தால் குழல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், கதவு சாத்தாது. குறுக்கே வைத்தால் ஒரு தட்டில் இரண்டுக்குமேல் நெருக்கம். 72 என்றால் ஒரே தட்டில் 1965, 1971 இரண்டு போரின் டாங்கிகளையும் நிறுத்திவிடலாம். கதவு இடுக்கில் ஒட்டும் ஸ்பாஞ்ச் டேப் ஒன்றை உள்பக்கம் சுற்றி ஒட்டிவிட்டால் தூசி வரத்து பெருமளவு நின்றுவிடுகிறது. முழுக்க நிற்காது. ஒற்றை டாங்கி மட்டும்தான் என்றால் கடையில் சாக்லேட் வரும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பாவே போதும். வீட்டில் "தூசி தட்ட நான் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று கறாராகச் சொன்னவள், டப்பாவோடு வந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. நவராத்திரிக்குக் கொலுப்படிக்குக் கீழே பிள்ளைகள் பார்க் போடும் இடத்தில் டி-55 ஒன்று ரயில்வே கேட் அருகே நின்றதுகூட உண்டு. செட்டியார் பொம்மைதான் அதைவிடப் பெரிசாக இருந்தார்.

பெயின்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய எனாமல் வாசனை பிடித்தவர்கள் அதிலேயே இருக்கலாம். காய ஒரு நாள் ஆகும். வலேஜோ மாதிரி தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கில் சித்திரை வெயிலில் பிரஷ் நுனியிலேயே பெயின்ட் காய்ந்துவிடும். மூடியுள்ள டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச் வைத்து மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் கலந்தால் வெகுநேரம் காயாது. 72-இல் பூச வேண்டிய பரப்பு குறைவு என்பதால் பிரஷ்ஷே போதும். கம்ப்ரெசரும் ஏர்பிரஷ்ஷும் தேவைப்படவில்லை. 35-இன் அகன்ற பக்கங்களில் பிரஷ் தடம் தெரியத்தான் செய்யும். டாங்கிக்கு அழுக்குத் தோற்றம் கொடுக்க, ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு ஆயில் கலரும் கொஞ்சம் டர்பன்டைனும் போதும்.

தரைக்கு நம்முடைய தேரி மணலைப் போடலாமா என்று ஆசை வரும். திசையன்விளைப் பக்கம் போனால் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு ஒரு பை அள்ளாமல் வரமுடியாது. ஒரு மணல் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்தாலே 72-இல் அது 14 மில்லிமீட்டர் ஜல்லி. அரைத்து, துணியில் சலித்து எடுக்கிற செம்பொடி மட்டும் ஆகும். இதில் 35-க்குத்தான் வெற்றி, அதில் மணல் மணல் மாதிரியே தெரியும்.

வெயிலைப் பற்றி இன்னொன்று. சில கிட்டுகளில் டிராக் வினைல் பட்டையாக வரும். பழைய வினைலில் இருந்து கசியும் பொருள், தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தை இளக்கிவிடுவது தெரிந்த சங்கதி. நம் ஊர் கோடையில் அது சீக்கிரம் நடக்குமா என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. என்னுடையவை இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன. சக்கரத்துக்கு நன்றாகப் பெயின்ட் அடித்துவிட்டு மாட்டினால் நடுவில் ஒரு தடுப்பு இருக்கும். பெட்டிகளை மொட்டைமாடி அறையில் மட்டும் வைக்கவேண்டாம்.

விலையில் 72 குறைவு என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டியதை விற்கலாம் என்ற நினைப்பு இருந்தால் இரண்டிலும் விட்டுவிடுங்கள். பிரிக்காத பெட்டிக்குத்தான் வாங்க ஆள் உண்டு.

35-க்கே போகவேண்டியவர்கள் யார் என்றால், காட்சி அமைக்கிறவர்கள். 1965 செப்டம்பர் 10, பஞ்சாபில் அசல் உத்தர் போர்க்களம். கரும்புக் காட்டு மறைவில் ஜீப்பின்மேல் 106 மில்லிமீட்டர் பீரங்கியோடு ஹவில்தார் அப்துல் ஹமீது, எதிரே பாகிஸ்தானின் பாட்டன் டாங்கி. அதைச் செய்யவேண்டும் என்றால் ஆளின் முகம் பேசவேண்டும், அதற்கு இரண்டரை செ.மீ. பத்தாது. ஒரே ஒரு காட்சி, ஒரே ஒரு பெரிய பெட்டி என்று வைத்துக்கொள்கிறவருக்கு நான் சொன்ன தூசிக் கணக்கும் இடிக்காது.

எனக்கும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கிக்கு நல்ல பிளாஸ்டிக் கிட் இரண்டு அளவிலும் இதுவரை என் கண்ணில் படவில்லை. யாராவது 35-இல் போட்டால், அலமாரியில் எதை நகர்த்தவேண்டும் என்று அப்போது பார்த்துக்கொள்கிறேன்.