நாபா இன்சென்டிவ் டூர்: ஏஜென்சி வவுச்சரை நம்பி முழுப் பணமும் கட்டாதீர்கள்

கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்குக்கு விற்பனைக் குழுவை இன்சென்டிவ் டூராக, அதாவது நல்ல வேலைக்குப் பரிசாக, கூட்டிப் போகத் திட்டமிடும் எச்.ஆர்., அட்மின் நண்பர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

40 பேர் போன ஒரு டூர். ஒரே நாளில் நான்கு ஒயினரி (ஒயின் தயாரிக்கும் இடம்), எல்லாமே தனி டேஸ்டிங் (நம் குழுவுக்கு மட்டும் ஒயின் சுவை பார்ப்பது) என்று ஏஜென்சி வவுச்சரில் எழுதிக் கொடுத்திருந்தது. முதல் ஒயினரியில் பதிவாகியிருந்தது 12 பேருக்கு மட்டும். இரண்டாவதில் அதுவும் இல்லை. மீதிப் பேரை ஊருக்குள் ஒரு கடையில் இறக்கி, கவுன்டரில் நிற்க வைத்து ஊற்றிக் கொடுத்துச் சமாளித்தார்கள். ஒரு டாலர்கூடத் திரும்பி வரவில்லை.

நாபா கவுன்டியில் 1990-இல் வந்த விதிப்படி, அதற்குப் பின் தொடங்கிய ஒயினரிகளில் முன்பதிவு இல்லாமல் டேஸ்டிங் கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வரலாம் என்பதும் பல இடங்களில் பர்மிட்டிலேயே இருக்கும். வாசலில் போய்க் கெஞ்சினாலும் சேர்க்க முடியாது. தப்பு ஒயினரிமேல் இல்லை. வவுச்சர் என்பது ஏஜென்சி அச்சடித்த தாள், அவ்வளவுதான். ஒயினரியே அனுப்பிய மின்னஞ்சலைக் கேளுங்கள். தேதி, நேரம், தலைக்கணக்கு, பெரிய பஸ் உள்ளே வரலாமா, இந்த நாலும் அதில் இருக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை மீதித் தொகையைக் கொடுக்காதீர்கள்.

நான்கு ஒயினரி என்ற கணக்கே தப்பு. வகைக்கு 30 மில்லி, ஐந்து வகை என்றால் 150 மில்லி, அதாவது ஒரு முழு கிளாஸ். நான்கு இடம் என்றால் நாலு கிளாஸ். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றரை மணி நேரம், 40 பேர் ஏறி இறங்கக் கால் மணி, போதாக்குறைக்கு ஹைவே 29-இல் மாலை நெரிசல். இரண்டு போதும், நடுவில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு.

வாடகை பஸ்ஸில் டி.சி.பி. எண் (வாடகைக்கு ஆள் ஏற்றிச் செல்ல மாநிலம் தரும் அனுமதி எண்) எழுதியிருக்கிறதா பாருங்கள். மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் தளத்தில் அது நடப்பில் உள்ளதா என்று சரிபார்க்கலாம். வாங்கிய பாட்டில்களை வெயிலில் நிற்கும் பஸ்ஸின் டிக்கியில் போடாதீர்கள். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். கழுத்தோரம் பிசுபிசுத்தால் அந்தப் பாட்டிலை நம்ப முடியாது.

ஹோட்டல் ஒப்பந்தத்தின் நகலையும் வாங்கிப் படியுங்கள். 25 அறை பதிவு செய்து, 80 சதவீதம் நிரம்ப வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், 20-க்குக் கீழே குறையும் ஒவ்வொரு காலி அறைக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். இந்த வரியை ஏஜென்சி தானாக வாய் திறந்து சொல்லாது.