தாழ்ப்பாள் போட்டால் மங்கும் கண்ணாடிக் கழிப்பறை

டோக்கியோவில் ஷிபுயா பக்கம் போனால், யோயோகி ஃபுகாமாச்சி குட்டிப் பூங்காவில் இருக்கும் பொதுக் கழிப்பறையைக் கட்டாயம் பாருங்கள். சுவரெல்லாம் வண்ணக் கண்ணாடி, வெளியில் நின்றே உள்ளே எல்லாம் பளிச்சென்று தெரியும். வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான், திறந்தது 2020இல். ஏன் இப்படி? சுத்தமாக இருக்குமா, உள்ளே யாராவது ஒளிந்திருப்பார்களா என்று பொதுக் கழிப்பறை என்றாலே வரும் இரண்டு பயத்துக்கும், கதவைத் தொடும் முன்பே பதில் கிடைத்துவிடுகிறது.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன், கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியதுபோல் மங்கிவிட்டது. மின்சாரம் ஓடும்வரை தெளிவு, தாழ்ப்பாள் விழுந்தால் மின்சாரம் நின்று மங்கல், ஆக கரண்ட் போனாலும் பயமில்லை. அருமையான யோசனை!

குறையும் உண்டு. ஹாரு நோ ஒகாவா பூங்காவில் இதே மாதிரி இன்னொன்று இருக்கிறது, குளிரில் கண்ணாடி மங்க நேரமாகிறது என்று அதைச் சில காலம் எப்போதும் மங்கலாகவே வைத்திருந்தார்கள். அதனால் தாழ்ப்பாள் போட்டதும் நாலு பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் கிடையாது. அப்புறம், முடிந்தால் இருட்டிய பிறகு போங்கள், பூங்காவுக்கே விளக்கு ஏற்றி வைத்ததுபோல் நிற்கும்.