வயிற்றுப்புண்ணுக்கு சுக்குட்டிக்கீரையா, அதிமதுரமா?

கோபிசெட்டிபாளையம், ஈரோடு பக்கம் வயிறு எரிகிறது என்று சொன்னால் போதும், ஒருவர் சுக்குட்டிக்கீரை, அதாவது மணத்தக்காளிக்கீரை என்பார், இன்னொருவர் அதிமதுரப் பொடி என்பார்.

என் ஓட்டு கீரைக்குத்தான். பாசிப்பருப்போடு வேகவைத்து, மிளகாய் போடாமல், கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினால் எரிகிற வயிற்றுக்கு இதமாக இருக்கும். சுக்குட்டிச் சாறு கொடுத்த எலிகளுக்கு அமிலச் சுரப்பு குறைந்து புண் ஆறியது. மனிதர்களிடம் அந்த அளவு சான்று இல்லை. ஆனால் அது சாப்பாடு, பயமில்லை.

அதிமதுரத்தின் வீரியம் அதிகம். அதிலிருந்து உருவான கார்பினாக்சலோன் 1960களில் இரைப்பைப் புண்ணுக்கே மருந்தாக இருந்தது. சரி, அப்புறம் ஏன் ஒதுங்கியது? உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றியது. வெறும் அதிமதுரமும் அதிகமானால் இதையே செய்யும். பிரஷர்காரர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம்.

அக்காவுக்குக் கேட்ட மருந்து அண்ணனுக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டைக் கூட்டுகிறது. மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு அங்கே புண் குறைவாக வர இதுவும் ஒரு காரணம். எலிகளிடம் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தியிருக்கிறது.

புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் கிருமி என்றால் இரண்டும் போதாது, ஆன்டிபயாடிக் வேண்டும். மலம் தார்போலக் கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.