சூரியமித்ரா பயிற்சி: சோலார் களப் பணியாளருக்கு எந்த அளவு உதவுகிறது?

மத்திய அரசின் ஆதரவில் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் 2015இல் தொடங்கிய சூரியமித்ரா, சோலார் பேனல்களை நிறுவவும் பராமரிக்கவும் கற்றுத்தரும் 600 மணி நேரப் பயிற்சி, கட்டணம் கிடையாது. எலெக்ட்ரீஷியன், வயர்மேன் போன்ற பிரிவுகளில் ஐடிஐ முடித்தவர்களுக்கு ஏற்றது.

இதன் உண்மையான மதிப்பு பாதுகாப்புப் பாடத்தில்தான் இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்தால் போதும் என்று பழகிய எலெக்ட்ரீஷியனுக்கு, இன்வெர்ட்டரை (பேனல் தரும், ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரத்தை, திசை மாறி மாறி ஓடும் ஏசியாக மாற்றும் கருவி) நிறுத்திய பிறகும் வெயில் உள்ளவரை பேனல் கேபிள்களில் பல நூறு வோல்ட் டிசி மின்னழுத்தம் நிற்கும் என்பதும், டிசி மின்னோட்டம் ஏசியைப் போல அடிக்கடி பூஜ்ஜியத்தைத் தொடாததால், மின்னோட்டம் ஓடும்போது பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிரித்தால் எழும் தீப்பொறி எளிதில் அணையாது என்பதும் உயிர் காக்கும் அறிவு. எங்கள் பயிற்றுநர் மின்சுற்றைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சை அணைத்துப் பூட்டி, எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட்டு, கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் இல்லை என்று பார்த்த பிறகே யாரையும் கனெக்டரில் கை வைக்க விட்டார். அந்தக் கண்டிப்புக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

நான் பயின்ற மையத்தில் பெரிய குறை, உயரத்தில் வேலை செய்யும் பயிற்சி. ஹார்னஸ் எனும் பாதுகாப்புப் பட்டையை அணியக் கற்றுத்தந்தார்கள். ஆனால் அதன் கொக்கியை எங்கே மாட்டுவது, ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் எங்கே கால் வைக்கக் கூடாது என்பதையெல்லாம் தரையில் நின்றபடியே விளக்கி முடித்துவிட்டார்கள். தவறி விழுந்து ஹார்னஸ் கயிற்றில் தொங்குபவரை மீட்கும் முறையைத் தொடவே இல்லை. கூரைப் பணியில் இது சிறிய விடுபடல் அல்ல.

சேர்வதற்கு முன், மையத்தில் ஏறிப் பழகச் சாய்கூரை அமைப்பு இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள்.