பினாங்குப் பாலம்: மோட்டாரிலும் காரிலும் கடந்து பார்த்தவனின் நீண்டகால அனுபவம்

புதுக் கைப்பேசி வாங்கிய மறுநாளே அதைப் பற்றி எழுத ஆளிருக்கிறது. தினமும் காசு கட்டி ஓடுகிற சாலையை மட்டும் கோப்பிக் கடையில் திட்டுவதோடு விட்டுவிடுகிறோம். வீடு மலேசியப் பெருநிலத்தில் பிறையில், வேலை எதிரே பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் என்று இருக்கிற ஆள் நான்; இரண்டுக்கும் நடுவில் இந்தப் பாலம். பாலம் நான்கு தடமாக இருந்த காலத்தில் மோட்டார் சைக்கிளில் கடக்க ஆரம்பித்தேன், இப்போது கார். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட், ஆபீஸ் நேரம் மூன்றிலும் ஓடிப் பார்த்தாயிற்று. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் பாலத்தைப் பற்றி. மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் கடலுக்கு மேல் 8.4. 1985 ஆகஸ்டில் அப்போதைய பிரதமர் மகாதீர் திறந்து வைத்தார். செப்டம்பரில் பொதுமக்களுக்கு விட்டார்கள். டோல் தீவுக்குப் போகும்போது மட்டும்தான், திரும்பி வருவதற்குக் காசில்லை. காருக்கு 7 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்தது 2020 பிப்ரவரியில் 5 வெள்ளி 74 காசாக இறங்கியது. சாலை மேற்பரப்பு நன்றாகத்தான் இருக்கிறது. விபத்து இல்லாத நாளில், பள்ளி விடுமுறையில், காலை பத்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். எண்பதில் சீராக ஓட்டிக்கொண்டே போகலாம், வலது பக்கம் ஜார்ஜ்டவுன், எதிரே பினாங்கு மலை. குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

குறை எல்லாம் பாலம் முடிகிற இடத்தில் ஆரம்பிக்கிறது.

2008இல் விரிவாக்க வேலை தொடங்கி 2009இல் முடித்தார்கள். திசைக்கு இரண்டாக இருந்த தடம் மூன்றானது. செலவு 585 மில்லியன் ரிங்கிட். வேலை நடந்த காலத்தில் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. முடிந்த பிறகு சில மாதங்கள் சொர்க்கம்தான். வீட்டிலிருந்து அரை மணி நேரம் பிந்திக் கிளம்பினாலும் கார்டு தட்ட நேரம் இருந்தது. அப்புறம் மெல்ல மெல்ல பழைய ஜேம் திரும்பி வந்தது. முன்பு நடுக்கடலில் நின்றவர்கள் இப்போது பாலம் தீவில் இறங்குகிற குளுகோர் இறக்கத்தில் நிற்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று தடத்தில் வருகிற வண்டிகளை வாங்கிக்கொள்ள கரையில் அதே அளவுக்கு இடம் வேண்டும். அண்டாவை எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் கவிழ்ப்பது அதே புனலில்தானே. எங்கள் பிரிவில் வேலை செய்த மூத்த அண்ணன் ஒருவர், முன்னாள் லாரி ஓட்டுநர், இதை அப்போதே சொன்னார்: "பாலத்துக்கு என்னப்பா குறை? எறங்குற எடத்துலதான மாட்டிக்கிறோம்."

காலை ஏழு மணி வாக்கில் அந்த இறக்கத்தில் நடப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் திட்ட வரைபடத்தில் இது தெரியாது. பாயான் லெப்பாஸ் போகிறவர்கள் இடது தடத்தைப் பிடிக்க வேண்டும். மோட்டார்களும் இடது ஓரமாகத்தான் வரும், அதுவும் ஒன்றிரண்டு இல்லை, ஷிப்ட் மாறும் நேரத்தில் விடாமல் ஒரே வரிசையாக. ஒழுங்காக இடது தடத்தில் ஊர்ந்து வருகிறவர்கள் ஒரு பக்கம். நடுத்தடத்தில் கடைசி வரை வேகமாக வந்து, பிரிகிற இடத்தில் சிக்னல் போட்டு மூக்கை நுழைக்கிறவர்கள் இன்னொரு பக்கம். அந்த ஒரு கார் நுழைவதற்காகப் பின்னால் நடுத்தடமும் நிற்கும், இடது தடமும் நிற்கும். இடையில் மோட்டார்க்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே கண்ணாடியை உரசாமல் போகப் பார்ப்பான். ஜார்ஜ்டவுன் பக்கம் போகிறவன் பாவம், அவனுக்கு இதில் சம்பந்தமே இல்லை, அவனும் சேர்ந்து நிற்பான். இறங்கிய பிறகு துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில் தெற்கே போகும்போது இரண்டாவது நெரிசல். சாயங்காலம் இதே கதை தலைகீழாக: குவீன்ஸ்பே தாண்டுவதற்குள் பிரேக் விளக்குகள் சிவக்க ஆரம்பித்தால், பாலத்தில் ஏறுவதற்குள் ராகா வானொலியில் ஒரு நிகழ்ச்சியே முடிந்துவிடும்.

மோட்டாரில் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி நடந்தது உண்மை. 2019 ஜனவரி 1 முதல் இந்தப் பாலத்திலும், தெற்கே உள்ள இரண்டாவது பாலத்திலும் மோட்டாருக்கு டோல் இல்லை. முன்பு முதல் பாலத்தில் 1 வெள்ளி 40 காசு. மாதக் கடைசியில் அது பெரிய காசு. ஆனால் தனித்தடம் வரவில்லை. அதைப் பற்றி 2019 வாக்கில் பேச்சு எழுந்தது, பத்திரிகையில் எல்லாம் வந்தது, அதோடு சரி. மோட்டாரில் போன காலத்தில் எனக்கு ஜேமை விடப் பயம் காற்றும் மழையும்தான். நடுவில் பாலம் உயர்கிற இடத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் வண்டி தானாகவே ஒரு அடி நகரும். மழை பிடித்தால் ஒதுங்கக் கூரை கிடையாது. மழைக்கோட்டை நிறுத்திப் போடுவதா, நனைந்தே போவதா என்று யோசிப்பதற்குள் முழுக்க நனைந்திருப்போம். கல்யாணத்துக்குப் பிறகு கார் வாங்கியதற்கு அந்த மழைதான் காரணம். என்னைப் போல் நினைத்தவர்கள் எத்தனையோ பேர். ஒவ்வொருவரும் ஒரு காரோடு வரிசையில் வந்து சேர்ந்தோம்.

சரி, இதற்கெல்லாம் அரசாங்கங்கள் எதுவும் யோசிக்கவில்லையா? நிறைய யோசித்தார்கள். எனக்குக் கோபமே அங்கேதான். பினாங்கு வெளிவட்டச் சாலை என்று ஒன்று வருவதாக இருந்தது, கூடவே மோனோரயில். 2008 ஜூனில் பிரதமர் அப்துல்லா படாவி இரண்டையும் ஒத்திவைத்தார். 2013இல் மாநில அரசு கடலடிச் சுரங்கப்பாதைக்கு ஒப்பந்தம் போட்டது. பெருநிலத்துப் பாகான் ஆஜாமிலிருந்து தீவிலுள்ள கர்னி வரை 7.2 கிலோமீட்டர், தீவில் மூன்று சாலைகளும் சேர்த்து 6.3 பில்லியன் ரிங்கிட். சுரங்கம் வரவில்லை. அந்தத் தொகுப்பிலிருந்து ஆயர் ஈத்தாமையும் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையையும் இணைக்கிற 5.7 கிலோமீட்டர் மாற்றுச்சாலை மட்டும் கட்டுமானத்துக்கு வந்தது. கர்னியிலிருந்து பாயான் லெப்பாஸ் வரை மலையைக் குடைந்து சுமார் 20 கிலோமீட்டருக்கு ஒரு நெடுஞ்சாலை என்றார்கள், அதுவும் தாளில்தான். தெற்கே கடலைத் தூர்த்து மூன்று தீவுகள் உருவாக்கி, அந்த நிலத்தை விற்று வரும் காசில் போக்குவரத்துத் திட்டத்தை நடத்துவது என்றிருந்தது. 2023இல் மூன்று தீவு ஒன்றானது.

இதில் என் கருத்து கொஞ்சம் இரண்டும் கலந்ததுதான். மலையைக் குடைவதை எதிர்த்த குடியிருப்பாளர்களையும், கடலைத் தூர்ப்பதை எதிர்த்த மீனவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். மண்சரிவு என்றால் என்ன என்று தீவில் இருப்பவர்களுக்குத் தெரியும். சுருக்கியது சில இடத்தில் நல்லதுக்கே. ஆனால் பெரிய திட்டம் ஒன்று பேச்சில் இருக்கிற வரைக்கும் சின்ன வேலைகளை யாரும் தொடுவதில்லை. இறக்கத்தில் ஒரு தடத்தை நீட்டுங்கள், பிரிகிற இடத்துக்கு முன்பே தடுப்பு வைத்துப் பிரியுங்கள் என்றால், "பெரிய திட்டம் வருகிறதே" என்பார்கள். பெரிய திட்டம் சுருங்கிய பிறகு சின்ன வேலையும் நினைவில் இருப்பதில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு தேர்தல் கூட்டத்தில் இதையே ஒரு அக்கா எழுந்து கேட்டார். மேடையிலிருந்து வந்த பதிலில் சுரங்கப்பாதை, எல்ஆர்டி (இலகு ரயில்), நவீன நகரம் எல்லாம் இருந்தது, இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டாவது பாலத்தைப் பற்றியும் கேட்பீர்கள். 2014 மார்ச்சில் திறந்தது, 24 கிலோமீட்டர், பத்து காவானிலிருந்து பத்து மாவுங். அருமையான பாலம், மோட்டாருக்குத் தனித்தடம் உண்டு. நிபோங் திபால், சிம்பாங் அம்பாட் பக்கம் வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதில் போகலாம். பிறை, செபராங் ஜெயாவில் இருக்கிறவர்களுக்கு அது தெற்கே சுற்றிப் போகிற வழி. மிச்சமாகும் நேரத்தை பெட்ரோல் தின்றுவிடும். விமான நிலையம் போகும்போது நான் அதைத்தான் எடுக்கிறேன், வேலைக்கு எடுப்பதில்லை. இப்போது பத்து காவானிலேயே தொழிற்சாலைகள் வந்துவிட்டதால் தீவிலிருந்து காலையில் எதிர்த்திசையில் வருகிறவர்களும் கூடிவிட்டார்கள்.

ஃபெரியை மறந்துவிடக் கூடாது. 2020 முடியும் வரை காரை ஃபெரியில் ஏற்றலாம். 2021 முதல் கார் கிடையாது. 2023 ஆகஸ்டில் புதுப் படகுகள் வந்தன, அவையும் நடந்து வருகிறவர்களுக்கும் இரண்டு சக்கர வண்டிகளுக்கும்தான். ஆக, கார் வைத்திருப்பவனுக்குக் கடலைத் தாண்டப் பாலத்தைத் தவிர வழி இல்லை. தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்களைப் பொறுத்தவரை இதுவும் ஒரு சுருக்கம்தான், அதை யாரும் அப்படிக் கணக்கில் எடுக்கவில்லை.

பெருநிலத்துப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். ஜூருவுக்கும் சுங்கை டுவாவுக்கும் (தீவிலுள்ள சுங்கை டுவா இல்லை, இந்தப் பக்கத்தது) இடையில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் டோல் கிடையாது. அதனால் ஈப்போவிலிருந்து அலோர் ஸ்டார் போகிற பேருந்தும், கொள்கலன் துறைமுகத்து லாரியும், பாலத்திலிருந்து இறங்குகிற நாங்களும், பக்கத்துத் தாமானிலிருந்து (குடியிருப்பு) மார்க்கெட்டுக்குப் போகிற அம்மாவும் ஒரே சாலையில். அங்கே தூண் எழுப்பி மேம்பாலச் சாலை போட வேண்டும் என்ற பேச்சு பல வருடமாக இருக்கிறது. எனக்குக் கேட்டால், தீவுக்குள் எந்தச் சாலையையும் போடுவதற்கு முன் இதைத்தான் முடிக்க வேண்டும். பெருநாள் காலத்தில் ஜூரு டோலைத் தாண்டி வீட்டுக்கு வருவதற்கு ஈப்போவிலிருந்து வந்த நேரத்தில் பாதி ஆகும்.

எல்ஆர்டி முத்தியாரா வழித்தடத்துக்கு 2025 ஜனவரியில் அடிக்கல் போட்டார்கள். மத்திய அரசு காசு, முதலில் தீவுக்குள் மட்டும் என்றிருந்ததைக் கடலைத் தாண்டி பட்டர்வொர்த்தில் இருக்கிற பினாங்கு சென்ட்ரல் நிலையம் வரை நீட்டியிருக்கிறார்கள். நான் கேள்விப்பட்டதிலேயே சுருங்காமல் நீண்ட திட்டம் இது ஒன்றுதான். 2031இல் ஓடும் என்கிறார்கள். பட்டர்வொர்த்தில் வண்டியை வைக்க இடமும், பாயான் லெப்பாஸ் நிலையத்திலிருந்து தொழிற்சாலை வாசலுக்கு ஒரு பேருந்தும் இருந்தால் நான் காரை வீட்டிலேயே விட்டுவிடுவேன். அந்தக் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் இல்லாமல் போனால் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் யாரும் ஏற மாட்டார்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்து பாலம் தாண்டப் போகிற தம்பி தங்கைகளுக்கு: ஆறேகாலுக்கு முன் டோலைத் தாண்டிவிடுங்கள், தொழிற்சாலை கேண்டீனில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடலாம். ஜார்ஜ்டவுனில் வேலை, கையில் மோட்டார் இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஃபெரிக்குப் போங்கள். பாயான் லெப்பாஸ் என்றால் பாலத்தின் பாதியிலேயே இடது தடத்துக்கு வந்துவிடுங்கள், கண்ணாடியில் மோட்டாரைப் பார்த்துக்கொண்டே. தைப்பூசத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தண்ணீர்மலைக்குக் காரில் கிளம்புவதாக வீட்டில் முடிவெடுத்தால், பட்டர்வொர்த்தில் காரை விட்டு ஃபெரியில் நடந்து ஏறுங்கள். குழந்தைகளுக்கும் கடல் பார்த்த மாதிரி இருக்கும்.