‘அக்கா, நம்பி வாங்குங்கள்’ என்றார்கள். ஏழு மாதச் சேமிப்பு போனது

ஏழு மாதச் சேமிப்பு போய்விட்டது. நேற்று மாலைதான் கடைசிப் பதில் வந்தது: ‘மதிப்புமிக்க வாடிக்கையாளரே, தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது.’ யார் முடித்தார்கள், என்னவென்று முடித்தார்கள், ஒரு சொல் இல்லை. இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கையில் சிறு தொகையை வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஒரு காபி இயந்திரம் தேடுகிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் முடிவில் சொல்கிறேன்.

நான் ஒன்றும் தெரியாமல் போய் விழவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. மாதாமாதம் செலவு போக மிஞ்சியதை ஓர் உறையில் போட்டுவைத்தேன். அந்த ஏழு மாதமும் படித்துக்கொண்டே இருந்தேன். நல்ல எஸ்பிரஸ்ஸோவுக்கு, அதாவது வெந்நீரை அழுத்தித் தூளுக்குள் செலுத்தி இறக்கும் கெட்டிக் காபிக்கு, சுமார் 9 பார் அழுத்தம் வேண்டும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு), நீர் 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும், 25 முதல் 30 விநாடியில் காபி இறங்க வேண்டும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். விலை குறைந்த இயந்திரங்களில் இரண்டு சாதி உண்டு என்பதும் தெரியும். ஒன்றில் பம்ப் இருக்கும். அது நீரைத் தள்ளும். மற்றொன்றில் பம்ப் கிடையாது. மூடிய பாத்திரத்தில் நீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியின் வேகத்திலேயே வெந்நீரைக் காபித் தூளுக்குள் தள்ளுவார்கள். ஆவி இயந்திரத்தில் இரண்டு மூன்று பார் வந்தாலே அதிகம். ஆவியை மட்டும் நம்பி 9 பார் வேண்டுமென்றால் நீரின் சூடு 175 டிகிரியைத் தாண்ட வேண்டும். தூள் கருகித்தான் போகும். இத்தாலியில் அக்கில்லே காஜியா 1938-இல் ஆவியே இல்லாத இயந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டதும், நெம்புகோலால் அழுத்தும் முறை பிறகு பரவியதும் இதனால்தான். ஆகவே எனக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி: பம்பா, ஆவியா?

பல விற்பனையாளர்கள் கடை விரித்திருக்கும் பெரிய இணையச் சந்தை அது. பெயர் எழுதவில்லை. அங்கே ஓர் இயந்திரம், எல்லாப் படங்களும் நேர் முன்னாலிருந்து எடுத்தவை. கொட்டை எழுத்தில் ‘15 பார்’. கூடவே ‘பர் கிரைண்டர் இலவசம்’, அதாவது காபிக் கொட்டை அரைக்கும் கருவி. விலை சரியாக என் உறைக்குள் அடங்கியது.

வாங்குவதற்கு முன் விற்பனையாளருக்குச் செய்தி அனுப்பினேன். “இதில் பம்ப் இருக்கிறதா? ஆவியில் இயங்குவதா?” என்று நேராகவே கேட்டேன். இரண்டு நிமிடத்தில் பதில். “பம்ப்தான் அக்கா. எங்கள் வீட்டிலும் இதைத்தான் வைத்திருக்கிறோம். அம்மா தினமும் இதில்தான் போடுகிறார்கள்.” நான் தயங்கியதைப் பார்த்து, கேட்காமலே ஒரு காணொளி வந்தது. ஒரு கண்ணாடிக் கோப்பை, மேலே இரட்டைக் குழாய். சில விநாடியில் எலிவால் போல மெல்லியதாய்க் காபி இறங்குகிறது. மேலே தேன் நிறத்தில் நுரை. “அக்கா, நம்பி வாங்குங்கள். குறை இருந்தால் நான் பொறுப்பு.” இந்த வாக்கியத்துக்குத்தான் நான் ஏழு மாதச் சேமிப்பைக் கொடுத்தேன். விளம்பரத்தை நம்பவில்லை, ஒரு மனிதர் நேரம் ஒதுக்கி என் சந்தேகத்துக்குப் பதில் சொன்னாரே, அதை நம்பினேன்.

பெட்டி வந்த மாலையே இன்னொரு செய்தி. “அக்கா, ‘பொருள் கிடைத்தது, திருப்தி’ என்பதை அழுத்தி ஐந்து நட்சத்திரம் போடுங்கள். உப்புப் படிவு நீக்கும் தூள் இலவசமாக அனுப்புகிறேன்.” பெட்டியைத் திறந்து பார்த்தேன், கீறல் இல்லை, உடைசல் இல்லை. அழுத்தினேன். அந்த ஒரு தொடுதலில் திருப்பி அனுப்பும் உரிமை முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தூளும் இன்றுவரை வரவில்லை.

மறுநாள் காலை ஆசையாக எடுத்து வைத்தேன். நீர்த் தொட்டி எங்கே என்று தேடினேன், இல்லை. இயந்திரத்தின் தலையில் ஒரு திருகு மூடி; அதைத் திறந்து நீரை ஊற்றி இறுக்கி மூட வேண்டுமாம். அப்போதே வயிற்றில் ஏதோ செய்தது. சுவிட்சைப் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு மூன்று நிமிடம் கழித்து உள்ளே களக் களக் என்று கொதிக்கும் ஒலி, பிறகு ஒரு சீற்றம், கோப்பையில் கருத்த நீர். நுரை என்று சொல்ல ஒன்றுமில்லை. வாயில் வைத்தால் கரி.

தம்பி வந்திருந்தான். “அக்கா, அந்தக் காணொளியைச் சத்தத்தோடு போடு” என்றான். அதுவரை நான் அதைப் படமாகத்தான் பார்த்திருந்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். பொத்தான் அழுத்தும் சத்தம், உடனே ர்ர்ர்ர் என்று ஓர் அதிர்வு, காபி இறங்கி முடியும் வரை விடாமல். அதுதான் பம்பின் சத்தம். என் இயந்திரத்தில் அந்தச் சத்தமும் இல்லை, அந்தப் பொத்தானும் இல்லை. திருகும் குமிழ் ஒன்றுதான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். குழாய்க்கு மேலே ஓர் அங்குலத்தைக்கூடக் காட்டாமல் படம் பிடித்திருக்கிறார்கள். காட்டியது ஓர் இயந்திரம், அனுப்பியது வேறு இயந்திரம். என் கேள்வி என்னவென்று தெரிந்து, அதற்குத் தோதான பொய்யைத் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த இலவச கிரைண்டரும் அப்படித்தான். பர் கிரைண்டர் என்றால் பற்கள் கொண்ட இரண்டு பாகங்களுக்கு நடுவில் கொட்டை நசுங்கி ஏறக்குறைய ஒரே அளவில் விழ வேண்டும். இதன் மூடியைத் திறந்தால் மிக்ஸியில் இருப்பது போல இறக்கைக் கத்தி. பாதி மாவு, பாதி நொய்.

இனிமேல் நடந்ததைக் கேளுங்கள். “அக்கா, முதல் பத்து முறை அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்” என்றார்கள். படம் எடுத்து அனுப்பினேன். “தூளை இன்னும் நைசாக அரையுங்கள்.” அரைத்தேன். ஆவியின் வலுவுக்கு அது இறங்கவே இல்லை, சொட்டுச் சொட்டாக நின்றது. “கொட்டையை மாற்றிப் பாருங்கள்.” காணொளியையும் என் இயந்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியதும் அக்கா போய் மேடம் வந்தது: “மேடம், மாடல் புதுப்பிக்கப்பட்டுள்ளது.” பம்ப் இல்லாமல் போவதா புதுப்பிப்பு? அதற்குப் பிறகு பதிலே இல்லை. நான் அனுப்புவதைப் படித்த அடையாளம் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

சந்தையின் உதவிப் பிரிவைப் பிடிக்க நான்கு நாள். ஒவ்வொரு முறையும் புதிய ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை. ஒருவர், “நீங்களே திருப்தி என்று உறுதி செய்திருக்கிறீர்களே” என்றார். இன்னொருவர், “விற்பனையாளரிடமே பேசுங்கள்” என்றார். மூன்றாமவரிடம், உங்கள் செயலிக்குள்ளேயே அந்த அரட்டை முழுவதும் இருக்கிறதே, பம்ப் என்று எழுத்தில் சொல்லியிருக்கிறார்களே, படித்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். “குறித்துக்கொண்டோம்” என்றார். பதினோராம் நாள் நான் ‘மதிப்புமிக்க வாடிக்கையாளர்’ ஆகிவிட்டேன். ஏழு மாதச் சேமிப்பு. சினிமாவுக்குப் போகாமல், புதுச் செருப்பு வாங்காமல் சேர்த்தது.

எதை வாங்கலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் எழுதிவிடுகிறேன். 15 பார், 20 பார் என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். உண்மையான பம்ப் இயந்திரத்திலும் அது பம்பின் உச்சத் திறன்தான், காபிக்குத் தேவை சுமார் 9 பார்தான். தலையில் திருகு மூடி இருந்தால் அது ஆவி. கழற்றி எடுக்கும் நீர்த் தொட்டி இருக்கிறதா என்று பின்பக்கப் படம் கேளுங்கள். நுரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒற்றைத் துளையுள்ள இரட்டைச் சுவர் வடிகட்டியைப் போட்டால் பழைய தூளிலும் நுரை பொங்கும். காணொளி கேட்டால், அன்றைய தேதியை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து, முழு இயந்திரமும் தெரிய எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் காபி போட்டுப் பார்க்காமல் ‘திருப்தி’யை அழுத்தாதீர்கள், எந்த இலவசத்துக்காகவும்.

பணம் குறைவென்றால் இயந்திரமே வேண்டாம். உருக்குப் பற்கள் உள்ள நல்ல கை கிரைண்டர் ஒன்று, கூடவே அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் ஒரு மோக்கா பாட் அல்லது தூளை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டியால் அழுத்தும் பிரெஞ்ச் பிரஸ், போதும். மோக்கா பாட் 1933-இலிருந்து இருக்கிறது. ஒன்று இரண்டு பார்தான் தரும், அதற்கு மேல் தருவதாக அது பொய் சொல்வதில்லை. இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் அலுமினியத்தில் வாங்காதீர்கள், சூடேறாது. இவ்வளவுக்கும் என் ஏழு மாதச் சேமிப்பில் பாதிகூட ஆகியிருக்காது.

இன்று காலை அந்த விற்பனையாளரின் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். அதே இயந்திரம், அதே ‘15 பார்’. கீழே நான் போட்ட ஐந்து நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. புகார் முடிந்துவிட்டதால் அதை மாற்ற முடியாதாம்.